மோட்டார் ரூமில் பிடித்த குரல்

மைக் செட் சூசைராஜைப் பற்றி எழுத இந்தத் திண்டுக்கல்லில் வேறு ஆள் கிடைக்கவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். என் பெயர் முகமது பாரூக், தொழில் தையல். மேற்கு ரத வீதியில் அவன் கடைக்கும் என் கடைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புத்தான். பன்னிரண்டு வருஷமாக அவன் கடையில் போடும் ரிக்கார்டுகளை எல்லாம் கேட்டிருக்கிறேன், பாதி நேரம் எரிச்சலோடு. தடுப்பைத் தட்டி "சூசை, சத்தத்தக் கொறடா" என்று கத்தினால் இரண்டு நிமிஷம் குறைப்பான். அப்புறம் பழையபடி ஏற்றிவிடுவான்.

ஆள் ஒல்லி. நாம் பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டான். தலையைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பான். தூங்குகிறான் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டு போன வாடிக்கைக்காரர்கள் உண்டு. கல்யாணம், காதுகுத்து, மாதா கோயில் சப்பரம், சந்தனக்கூடு, எல்லாக் கட்சிப் பொதுக்கூட்டம் என்று எதற்கும் போவான். எந்தக் கொடியின் கீழே நின்றாலும் அவன் சொல்வது ஒன்றுதான்: "ஹலோ, மைக் டெஸ்டிங்."

ஐம்பத்தொன்பதில் கொழும்பிலிருந்து திரும்பி வந்த ஒரு வியாபாரியிடமிருந்து ஜெர்மனியில் செய்த டேப் ரிக்கார்டர் ஒன்றை வாங்கினான். தையல் மெஷின் தலையைவிடப் பெரிய பெட்டி. அதில் இரண்டு வட்டமும் ஒரு நாடாவும் சுற்றும். நாம் பேசியதை நமக்கே திருப்பிச் சொல்லும். முதல் நாள் என் குரலைப் பிடித்துப் போட்டுக் காட்டினான். "இது நான் இல்லடா" என்றேன். "எல்லாரும் அப்படித்தான் பாய் சொல்றாங்க" என்றான்.

அந்தப் பெட்டி வந்ததிலிருந்து அவனுக்குப் பைத்தியம் பிடித்தது என்பது அவன் மனைவி ஆரோக்கியமேரியின் கட்சி. நானும் அதே கட்சிதான். திருச்சி வானொலியில் சில நாள் ஒலிச்சித்திரம் போடுவார்கள். ஓர் ஊருக்கு மைக்கோடு போய் அங்குள்ளவர்களைப் பேசவிட்டு, மாட்டு மணியும் காற்றுமாகச் சேர்த்துக் கொடுப்பார்கள். சூசை அதைக் கேட்டுவிட்டு, "அவங்க நல்லதாப் பாத்துப் போடுறாங்க பாய். யாரும் சொல்லாத கதைய வெளிய எடுத்துப் போட்டா எப்புடி இருக்கும்?" என்றான்.

முதலில் அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். தரகர்கள் குடியானவனை எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று பிடித்து வந்து ஊருக்குப் போட்டுக் காட்டப் போகிறானாம். பக்கத்து டீக்கடையிலிருந்து கரண்ட் இழுத்து ஒரு மணி நேரம் பிடித்தான். சந்தையில் விலை பேசுவது துண்டுக்கு அடியில், விரலைத் தொட்டு. வாயைத் திறந்து எவன் பேசுகிறான்? திரும்பி வந்து போட்டால் ஒரு மணி நேரமும் ஆடு கத்துவதுதான் கேட்டது. நான் சிரித்ததில் பிடித்துக்கொண்டிருந்த ஊசி விரலில் ஏறியது.

ஆனால் அடுத்தது அப்படி ஆகவில்லை. அறுபத்தொன்று கோடை. எங்கள் ஊர்த் தண்ணீர்க் கஷ்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தெருவில் பதினெட்டு நாளாகக் குழாயில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அந்தத் தெருப் பெண்கள் பேசியதைச் சூசை பிடித்தான். பிறகு அதே தெருக்கோடியில் ஒரு பெரிய வீட்டின் பின்சுவரில் மைக்கை வைத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தத்தைப் பிடித்தான். வேறு ஒன்றும் சேர்க்கவில்லை. பெண்கள் பேச்சு, பின்னாலேயே தண்ணீர் விழும் சத்தம், அவ்வளவுதான். அந்தத் தெரு மாரியம்மன் திருவிழாவில் பாட்டுக்கு நடுவே அதை நாலு குழாய் ஸ்பீக்கர் வைத்துப் போட்டான். மறுநாள் தெருவே திரண்டு போய் அந்த வீட்டுக்காரர் திருட்டுத்தனமாக இழுத்திருந்த குழாயைப் பிடுங்கி எறிந்தது. நான் அன்று அவனுக்குப் பாராட்டாக ஒரு சட்டை தைத்துக் கொடுத்தேன். அந்த வெற்றிதான் எங்களைக் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது.

அந்தச் செய்தி கிழக்கே பரவி, மறுவருஷம் மாசியில் பேச்சாயி வந்தாள்.

குஜிலியம்பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு வானம் பார்த்த ஊர்க்காரி. ஊர்ப் பெயர் எழுதமாட்டேன், அங்கே இன்னும் என்னிடம் துணி தைக்கிறவர்கள் இருக்கிறார்கள். முப்பது வயது இருக்கும். பெரிய பொட்டு, கழுத்தில் மஞ்சள் கயிறு, முகத்தில் ஒரு கோபம். கடைக்குள் வந்ததும், "கொரலப் புடிச்சு வைக்கிற அண்ணே யாரு?" என்றாள்.

சூசை கண்ணை மூடிக்கொண்டான். அவள் என்னைப் பார்த்தாள். "அவன் அப்படித்தாம்மா கேப்பான், நீ சொல்லு" என்றேன்.

அவள் புருஷன் ஒச்சப்பன் கிணறு வெட்டுகிறவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ஊரில் நிறைய நிலமுள்ள பெரிய சம்சாரி பொன்னழகு தோட்டத்தில் கிணறு வெட்டப் போனவன் வீடு திரும்பவில்லை. கேட்டதற்கு, "வேலைய விட்டுட்டுக் கேரளாவுக்குப் போயிட்டான், கூட ஒருத்தி போறதப் பாத்தவுக இருக்காக" என்று பொன்னழகு வீட்டில் சொல்லிவிட்டார்கள். பாதி வெட்டிய கிணற்றையும் மறுநாளே மூடிவிட்டார்கள். பாறை வந்துவிட்டது, தண்ணீர் இல்லை என்று காரணம் சொன்னார்கள்.

"எம் புருசன் எங்கயும் ஓடல அண்ணே. அந்தக் கெணத்துக்குள்ளதேன் கெடக்கான். மனு எழுதிக் கைநாட்டு வச்சுக் குடுத்தேன், எவனோ எழுதிக் குடுத்ததுங்குறாக. ஊர்ல கேட்டா, ஓடிப்போனவனுக்கு என்னாடி கருமாதிங்குறாக. நான் பொட்ட வச்சுக்கிடவா, அழிக்கவா? எம் மகளுக்கு அப்பன் இருக்கானா, இல்லையா? ஒரே ஒரு தடவ அந்தக் கெணத்தத் தோண்டிப் பாக்கச் சொல்லுங்க. எலும்பு கெடந்தா எடுத்துக்கிட்டுப் போறேன். இல்லேன்னா செருப்பால அடிங்க."

அவள் கேட்டது அவ்வளவுதான், கிணற்றைத் தோண்டிப் பார்க்க வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. பொன்னழகு யார் என்று தெரியும். சூசையைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் இழுத்து, "மாப்ள, இது தண்ணிக் குழா இல்ல" என்றேன். "குழா இல்லதான் பாய், ஆனா இதுலயும் யாரோ கேட்டிருப்பாங்கல்ல? எங்கயாச்சும் ஒரு காது இருந்திருக்கும்" என்றான்.

அந்தக் காதைக் கண்டுபிடிக்க நாலு மாதம் ஆனது. ஒச்சப்பனோடு மேலே நின்று கயிறு இழுத்தவன் மலைச்சாமி என்று ஒருவன். அவனும் அதே வாரம் ஊரை விட்டுப் போயிருந்தான். சூசை எந்த ஊருக்கு மைக் கட்டப் போனாலும் அவனைப் பற்றி விசாரித்தான். கடைசியில் அவன் ஆட்டுத் தரகர் ஒருவரிடம் ஆடு ஓட்டுகிறவனாகச் சேர்ந்திருப்பது தெரிந்தது. அய்யலூர் சந்தையிலேயே, முன்பு சூசை ஆடு கத்துவதைப் பிடித்த அதே இடத்துக்குப் பின்னால், ஆள் அகப்பட்டான்.

முதலில் ஓடப் பார்த்தான். பேச்சாயி பெயரைச் சொன்னதும் உட்கார்ந்துவிட்டான். "நேர்ல வந்து சொல்ல மாட்டேன். எம் பொண்டாட்டி புள்ளைக அங்கதேன் இருக்குக. பெட்டில வேணும்னா சொல்றேன். யாரும் இருக்கப்படாது" என்றான்.

யாரும் இல்லாத இடத்தில் கரண்டும் வேண்டும். அந்த நாளில் இந்தச் சமவெளியில் வீட்டுக்கு விளக்கு வராத ஊர்களில்கூடத் தோட்டத்துக்கு மோட்டார் வந்துவிட்டது. வடமதுரைப் பக்கம் சூசையின் மச்சினன் ராயப்பராஜுக்கு ஒரு தோட்டம். மத்தியானம் அவனுடைய மோட்டார் ரூமுக்கு மலைச்சாமியைக் கூட்டிப் போனோம். ராயப்பராஜ் தன் மோட்டாரை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான். சூசை பெட்டியை மாட்டினான். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டேன்.

மலைச்சாமி சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அனுமதி இல்லாம வெடி வச்சுக் கெணறு ஒடச்சோம். மூணு வெடில ஒண்ணு வெடிக்கல. பொன்னழகுதேன் எறங்கிப் பாருன்னாரு. ஒச்சப்பன் எறங்குனான். வெடி வெடிக்கல, கர சரிஞ்சிருச்சு. மண்ணும் கல்லுமா அவன் மேல. உள்ளயிருந்து சத்தம் வந்துச்சு. 'மலைச்சாமி, கயித்தப் போடு'ன்னான். மூணு வாட்டி சொன்னான். கயித்தப் போட்டேன், அவன் புடிக்கல. பெறகு சத்தம் இல்ல. ஆளத் தோண்டுனா போலீசு வரும், வெடிக்குக் கேப்பாகன்னு, மூடச் சொல்லிட்டாரு. எல்லாரும் போட்டாக. நானும் பத்துக் கூட மண்ணு போட்டேன். அவன் மேல நானும் போட்டேன், அண்ணே."

அதன் பிறகு அழுதான். சூசை நாடாவை நிறுத்தவில்லை.

முடிந்ததும் சரியாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே போட்டுப் பார்த்தோம். தெளிவாக இருந்தது. மலைச்சாமி தன் குரலைக் கேட்டுவிட்டு, "இம்புட்டுத்தேன். இனி என்னையத் தேடாதீக" என்று எழுந்து போனான். நாங்கள் பஸ் ஏறித் திண்டுக்கல் வந்தோம். வழியெல்லாம் எனக்குச் சந்தோஷம். ஒருவன் செத்த கதையைக் கேட்டுவிட்டுச் சந்தோஷப்பட்டேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

கடைக்கு வந்து பெட்டியைப் போட்டதும் ஒரு சின்னக் குழந்தை கீச்சுக் குரலில் வேகவேகமாகப் பேசியது. அந்த அழுகை அணில் கத்துவதுபோல் இருந்தது.

சூசை மூன்று தரம் போட்டுப் பார்த்தான். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டான். எனக்குப் புரியும்படி அவன் விளக்கியது இது. அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் எல்லாம் அன்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் கரண்ட் குறைவு. கரண்ட் குறைந்தால் நாடா மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றிய நாடாவில் விழுந்த குரல், ஊரில் முழுக் கரண்டில் வேகமாகச் சுற்றும்போது கீச்சென்று வரும். அங்கேயே போட்டபோது அதே குறைந்த கரண்டில் சுற்றியதால் சரியாகக் கேட்டது. இரவாக இருந்திருந்தால் பல்பு மங்கலாக எரிவதைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பான். பட்டப்பகலில் பல்பை எவன் போடுவான்?

"இருபது வருசமா கரண்ட்டோட மாரடிக்கிறேன் பாய். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்ல?" என்றான்.

மறுபடி பிடிக்கலாம் என்றால் மலைச்சாமி இல்லை. ஆட்டோடு மலை தாண்டிப் போய்விட்டதாகத் தரகர் சொன்னார். ஒட்டன்சத்திரத்தில் கேரளாவுக்குக் காய்கறி ஏற்றும் லாரிக்காரர்களிடம் கேட்டோம். "ஏனுங்க, அந்த மாதிரி ஆளுங்க தெனம் நூறு பேரு லாரியேறிப் போறாங்க. யாரன்னு பாக்கறதுங்க?" என்றார் ஒரு டிரைவர்.

வானொலி நிலையத்துக்கு நாடாவை எடுத்துக்கொண்டு போனான் சூசை. அங்கே இருந்தவர் மரியாதையாகவே பேசினாராம். தனிப்பட்ட ஒருவர் மேல் குற்றம் சொல்வதை ஒலிபரப்ப முடியாது, அதிகாரிகளிடம் கொடுங்கள் என்றாராம். திரும்பும் வழியில் அவனுக்கு ஒரு வழி தோன்றியது. கரண்ட் வரும் கம்பியின் நடுவே ஒரு பெரிய பல்பை மாட்டினால் பாதிக் கரண்டைப் பல்பு தின்றுவிடும். மீதியில் நாடா மெதுவாகச் சுற்றும். கடையில் நாலைந்து பல்பு மாற்றிப் பார்த்தான். ஒரு பல்புக்குக் குரல் சரியாக வந்தது. அச்சு அசலாக மலைச்சாமி. பேச்சாயியை வரவழைத்துப் போட்டோம்.

'கயித்தப் போடு' என்ற இடத்தில் அவள் எழுந்து நின்றுவிட்டாள். முடிந்ததும் அழவில்லை. "பத்துக் கூடயாம்ல. நல்லா இருப்பான்" என்றாள். பிறகு, "இத அதிகாரி காதுல போடுங்க அண்ணே, தோண்டிருவாக" என்றாள்.

நடையாய் நடந்ததில் ஒரு அதிகாரி விசாரணைக்குச் சம்மதித்தார். நல்ல மனிதர்தான், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பயணியர் விடுதி முன்கூடத்தில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் பொன்னழகும் அவர் வக்கீலும் ஊர்க்காரர்கள் முப்பது பேரும். மறுபக்கம் பேச்சாயி, சூசை, நான்.

சூசை பெட்டியை வைத்தான், பல்பை மாட்டினான். வக்கீல் உடனே எழுந்தார்.

"அந்தப் பல்பு எதுக்கு?"

சும்மா வெளிச்சத்துக்கு என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். என் நாக்கு நுனி வரை வந்தது. சூசை உண்மையைச் சொன்னான். மோட்டார் ரூம், குறைந்த கரண்ட், நாடா வேகம், ஒன்று விடாமல் சொன்னான்.

"அப்ப பல்பு இல்லாமப் போட்டா வேற மாதிரி கேக்கும்?"

"கேக்குமுங்க."

"ஐயா, பல்பு இல்லாம ஒரு தடவ போடச் சொல்லணும்."

அதிகாரி தலையசைத்தார். சூசை என்னைப் பார்த்தான். பல்பைக் கழற்றினான், நாடாவைப் போட்டான்.

கீச்சுக் குரல் கூடத்தில் ஓடியது. முதலில் யாரோ ஒருவன் மூக்கால் சிரித்தான். மலைச்சாமி அழுகிற இடம் வந்ததும் முப்பது பேரும் சிரித்தார்கள். கெட்டவர்கள் இல்லை, அவர்களில் ஒச்சப்பனோடு சேர்ந்து கூழ் குடித்தவர்களும் இருந்தார்கள். சிரிப்பு வந்தது, சிரித்தார்கள். பேச்சாயி அவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தரிக்கோல் கையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது.

பிறகு பல்பை மாட்டிப் போட்டான். இப்போது ஆம்பிளைக் குரல், நிதானமாக. சிரிப்பு அடங்கியது. ஆனால் வக்கீல் சிரித்தபடி எழுந்தார்.

"பாத்தீங்கள்ல ஐயா? ஒரே பெட்டி. பல்ப எடுத்தா கொழந்த பேசுது, மாட்டுனா பெரியவன் பேசுது. இன்னொரு பல்பு போட்டா கெழவன் பேசுவான். இவரு கையில இருக்க பல்புக்குத் தக்கன குரலு மாறுது. இத வச்சுக் கௌரவமான ஒருத்தர் நெலத்தத் தோண்டச் சொல்றாங்க."

"அது மலைச்சாமி கொரலு! இந்தா இருக்காகளே, இவுகளுக்கெல்லாம் தெரியும். ஏலே, சொல்லுங்கடா! அவன் கொரலு ஒங்களுக்குத் தெரியாது?" பேச்சாயி கத்தினாள்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதிகாரி பேச்சாயியைப் பார்த்து, "அந்த ஆள நேர்ல கூட்டிட்டு வாம்மா. நான் மறுபடி விசாரிக்கிறேன்" என்றார். வேறு என்ன சொல்வார்? அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கோப்பை மூடிவிட்டார். அடுத்த வருஷம் அவருக்கு மாற்றலாகிவிட்டது.

அதன் பிறகு சூசை ஒலிச்சித்திரம் எதுவும் செய்யவில்லை. கல்யாணத்துக்குப் போனான், காதுகுத்துக்குப் போனான். மலைச்சாமியைத் தேடி மூணாறு வரை இரண்டு தரம் போய்விட்டு வந்தான். கடையில் உட்கார்ந்து கண்ணை மூடினால் வாடிக்கைக்காரன் பேசுவது அவன் காதில் விழுகிறதா என்றே எனக்குச் சந்தேகமாக இருக்கும். ஒரு நாள் கேட்டான், "பாய், பல்பக் கழத்த மாட்டேன்னு சொல்லியிருக்கலாமோ?" இந்தக் கேள்வியை ஆறு வருஷத்தில் எத்தனை தரம் கேட்டான் என்று கணக்கு இல்லை.

பேச்சாயி வருஷத்துக்கு ஒரு தரம் வருவாள். "ஆளு ஆப்டுச்சா அண்ணே?" என்பாள். இல்லை என்றதும் செத்த நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். மகள் கருப்பம்மாளைப் பெண் பார்க்க வந்தவர்கள், அப்பன் எவளோடோ ஓடிப்போனவன் என்று திரும்பிப் போனதையும் அங்கே உட்கார்ந்துதான் சொன்னாள். பொட்டை அழிக்க வேண்டும் என்று அவள் கேட்டபோதெல்லாம் ஊரில் பெரியவர்கள் விடவில்லை. உயிரோடு இருக்கிறவனுக்குத் தாலி அறுத்தால் ஊருக்கு ஆகாதாம். ஒவ்வொரு வருஷமும் அந்தப் பொட்டு எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

போன வருஷம், அறுபத்தெட்டு ஐப்பசியில், காய்ச்சலில் போய்விட்டாள். தகவல் கேட்டுச் சூசையும் நானும் முதல் பஸ்ஸில் போனோம்.

குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, சிவப்புச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துச் சாத்தியிருந்தார்கள். நெற்றியில் பெரிய பொட்டு. சுமங்கலி என்று ஊர்ப் பெண்கள் எல்லாரும் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். "மகராசி, பூவோட பொட்டோட போறா. குடுத்து வச்சவ" என்றாள் ஒரு கிழவி. பொன்னழகு ஒரு மாலை கொண்டுவந்து போட்டார். கருப்பம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சூசை ஊர்ப் பெரியவரிடம் போய் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் அவனை அடையாளம் கண்டுகொண்டு, "பல்புப் பெட்டிக்காரரா, வாங்க" என்றார். சுற்றி நின்ற இரண்டு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். சூசை திரும்பி என் பக்கத்தில் வந்து நின்றான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சுடுகாட்டுக்குப் பாதை பொன்னழகு தோட்டத்து வரப்போரமாகப் போகிறது. கிணறு இருந்த இடத்தில் நிலக்கடலை போட்டிருந்தார்கள், நன்றாகச் செழித்திருந்தது. அதற்கு நேரே தோள் மாற்றுவதற்காகப் பாடையை இறக்கினார்கள். தூக்கிவந்தவர்களில் ஒருவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேற்கே மலைப் பக்கம் பார்த்துக் காறித் துப்பினான்.

"கட்டுனவ செத்ததுக்குக்கூட எட்டிப் பாக்கலையே, ஒச்சப்பன். என்னா மனுசன்டா அவன்!"

எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அவன் அங்கிருந்து நாற்பது அடி தூரத்தில் இருந்தான்.